ஆக்டிவிஷன் இணைப்பு வழக்கு: எஃப்.டி.சி எங்கே சறுக்கியது?

கோடைமழை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். 2025 அக்டோபர் 1 அன்று, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கேம்களுக்கான கேம் பாஸ் அல்டிமேட் சந்தா அமெரிக்காவில் மாதம் 19.99 டாலரிலிருந்து 29.99 டாலருக்கு ஏறியது. அதைப் படித்ததும் 2023-இல் நடந்த வழக்கை மறுபடி எடுத்துப் பார்க்கத் தோன்றியது.

அப்போது பின்தொடராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 ஜனவரி 18 அன்று ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற கேம் நிறுவனத்தை 68.7 பில்லியன் டாலருக்கு வாங்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பங்குக்கு 95 டாலர், முழுக்க ரொக்கம். கேம் துறையில் அதுவரை அவ்வளவு பெரிய கைமாற்றம் நடந்ததில்லை. அந்த டிசம்பரில், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அமெரிக்க ஆணையமான எஃப்.டி.சி எதிர்த்து வழக்குப் போட்டது. 2023 ஏப்ரலில் பிரிட்டனில் அதே வேலையைப் பார்க்கும் சி.எம்.ஏ தடை விதித்தது. ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ நீதிபதி ஜாக்குலின் ஸ்காட் கோர்லி, எஃப்.டி.சி கேட்ட இடைக்காலத் தடையைத் தர மறுத்தார். அக்டோபர் 13 அன்று விற்பனை முடிந்தது. 2025 மே 7 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் கோர்லி சொன்னது சரிதான் என்றது. அடுத்த பதினைந்து நாளில், மே 22 அன்று, எஃப்.டி.சி வழக்கையே கைவிட்டது.

எஃப்.டி.சி எதிர்த்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். எதிர்த்தே ஆகவேண்டிய இணைப்பு அது. ஆனால் வழக்கு முழுவதையும் 'கால் ஆஃப் டூட்டி இனிமேல் பிளேஸ்டேஷனுக்குக் கிடைக்குமா?' என்ற ஒரே கேள்வியின்மேல் கட்டினார்கள். (கால் ஆஃப் டூட்டி ஆக்டிவிஷனின் துப்பாக்கிச் சண்டை கேம் வரிசை. பிளேஸ்டேஷன், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸுக்குப் போட்டியான சோனியின் கன்சோல், அதாவது கேம் ஆடும் பெட்டி.) கேம் செய்கிறவர்களின் வேலைக்கு என்ன ஆகும், அவர்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் குறைந்தால் சம்பளம் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் அடி விழுந்தது அங்கேதான். உங்கள் கருத்து என்ன?


கருப்புக்குதிரை

கோடைமழை, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நடந்ததைப் பாருங்கள். எஃப்.டி.சி பயந்த மாதிரி ஒன்றுமே நடக்கவில்லை. கால் ஆஃப் டூட்டி இன்றைக்கும் பிளேஸ்டேஷனில் வருகிறது. சோனியோடு பத்து ஆண்டு ஒப்பந்தம் இருக்கிறது. போதாக்குறைக்கு மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் கேம்களையே அங்கே கொண்டுபோய் விற்கிறது: சீ ஆஃப் தீவ்ஸ், இந்தியானா ஜோன்ஸ், ஃபோர்ஸா ஹொரைசன் 5. பத்து வருஷத்துக்கு முன்னால் ஃபோர்ஸா பிளேஸ்டேஷனில் வரும் என்று சொல்லியிருந்தால் யாராவது நம்பியிருப்பார்களா?

சோனிக்கே இது தெரியும். இணைப்பு அறிவித்த இரண்டாவது நாளே, அப்போது பிளேஸ்டேஷன் தலைவராக இருந்த ஜிம் ரயன் ஒரு பழைய சகாவுக்கு எழுதிய மின்னஞ்சல் விசாரணையில் வெளியே வந்தது. இது கேம்களைப் பூட்டி வைக்கிற திட்டம் இல்லை, கால் ஆஃப் டூட்டி இன்னும் பல வருஷம் பிளேஸ்டேஷனில் வரும் என்றுதான் அவர் எழுதியிருந்தார். உள்ளே ஒரு பேச்சு, வெளியே ஒரு பேச்சு. நீதிபதி எதை நம்புவார்?


வழக்குக்கட்டு

நான் வழக்கறிஞர், போட்டிச் சட்டம் என் துறை. கேம் அதிகம் ஆடியதில்லை, ஆனால் இந்த வழக்கை விசாரணை நாட்களில் விடாமல் படித்தேன்.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வகை இணைப்பு உண்டு. ஒரே பொருளை விற்கும் இரண்டு போட்டியாளர்கள் சேர்வது ஒன்று. அதைத் தடுப்பது ஓரளவு எளிது, சந்தைப் பங்கைக் கூட்டிக் காட்டினாலே பாதி வேலை முடிந்தது. சரக்கு செய்கிறவரும் அதை விற்கும் கடைக்காரரும் சேர்வது இன்னொன்று. ஆக்டிவிஷன் வழக்கு பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. எக்ஸ்பாக்ஸ் கடை, கால் ஆஃப் டூட்டி சரக்கு. இங்கே அரசு தரப்பு இரண்டு விஷயங்களை நிரூபிக்க வேண்டும்: அந்தச் சரக்கை எதிர்க்கடைக்குக் கொடுக்காமல் இருக்க முடியும் என்பது ஒன்று, அப்படி நிறுத்துவதால் லாபம் என்பது இன்னொன்று. முதலாவது எளிது. இரண்டாவதில்தான் எஃப்.டி.சி தடுக்கி விழுந்தது. பிளேஸ்டேஷனில் விற்காவிட்டால் மைக்ரோசாஃப்டுக்குப் பெரிய நஷ்டம். அந்த நஷ்டத்தை ஈடுகட்டும் அளவுக்கு ஆட்கள் எக்ஸ்பாக்ஸுக்கு மாறுவார்கள் என்று நீதிபதியை நம்ப வைக்க முடியவில்லை. 2018-இல் ஏ.டி அண்ட் டி, டைம் வார்னர் இணைப்பை எதிர்த்து அமெரிக்க நீதித்துறை தோற்றதும் இதே மாதிரிக் கணக்கில்தான்.

இன்னொன்று. அமெரிக்காவில் எஃப்.டி.சி தானாக எந்த விற்பனையையும் உடனே நிறுத்த முடியாது. வழக்கு முடியும்வரை நிறுத்தி வையுங்கள் என்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் போய்க் கேட்க வேண்டும். அந்த ஐந்து நாள் விசாரணையில் தோற்றால், பெயருக்கு வழக்கு இருக்கும், விற்பனை முடிந்துவிடும். பிரிட்டனில் அப்படியில்லை. சி.எம்.ஏ-வே விசாரித்து, சி.எம்.ஏ-வே தடுக்கும். நிறுவனம் மேல்முறையீடு போகலாம், ஆனால் தீர்ப்பாயம் வழக்கைப் புதிதாக விசாரிக்காது. முடிவு எடுத்த முறை நியாயமா என்று மட்டும் பார்க்கும். அதனால்தான் மைக்ரோசாஃப்ட் தரப்பு லண்டனைப் பார்த்து அவ்வளவு பதறியது.


புதுவரவு 

வழக்குக்கட்டு சார், ஒரு சந்தேகம். பிளேஸ்டேஷன் வாதம் பலவீனம் என்றால் சி.எம்.ஏ மட்டும் எப்படித் தடுத்தது?


வழக்குக்கட்டு

நல்ல கேள்வி, தம்பி. சி.எம்.ஏ-வும் முதலில் பிளேஸ்டேஷன் வாதத்தைத்தான் பிடித்திருந்தது. 2023 பிப்ரவரியில் வந்த தற்காலிக அறிக்கையில் அது இருந்தது. பிறகு மைக்ரோசாஃப்ட் அந்தக் கணக்கில் இருந்த ஓட்டையைக் காட்டியது. புதிய தரவை வைத்துப் பார்த்தால், பிளேஸ்டேஷனிலிருந்து கால் ஆஃப் டூட்டியை எடுப்பது மைக்ரோசாஃப்டுக்குப் பெரும் நஷ்டம் என்று வந்தது. மார்ச்சில் சி.எம்.ஏ அந்த வாதத்தைக் கைவிட்டது. ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு நடுவழியில் இவ்வளவு வெளிப்படையாகக் கணக்கைத் திருத்திக்கொள்வது அபூர்வம். அதற்காக அவர்களை மதிக்கிறேன்.

அதன்பின் மிஞ்சியது கிளவுட் கேமிங். கேமை உங்கள் வீட்டுப் பெட்டியில் ஓட்டாமல் எங்கோ இருக்கும் சர்வரில் ஓட்டி, படத்தை மட்டும் உங்களுக்கு அனுப்புவது. உலக அளவில் அந்தச் சந்தையில் மைக்ரோசாஃப்ட் கையில் ஏற்கெனவே 60 முதல் 70 சதவீதம் இருக்கிறது என்பது சி.எம்.ஏ-வின் மதிப்பீடு. விண்டோஸ் அவர்களுடையது, சர்வர் மையங்கள் அவர்களுடையவை, கேம்களும் போனால் புதிதாக யார் உள்ளே வர முடியும் என்பது வாதம். ஏப்ரல் 26 அன்று தடை. ஐரோப்பிய ஆணையம் அதே கவலையை ஏற்றுக்கொண்டு, பத்து ஆண்டு உரிமம் தரும் உறுதிமொழியை வாங்கிக்கொண்டு மே 15 அன்று அனுமதி கொடுத்தது. ஒரே பிரச்சினைக்கு இருவர் கொடுத்த மருந்து வேறு.

கடைசியில் மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தையே மாற்றி எழுதியது. அடுத்த 15 ஆண்டுகளில் வரும் ஆக்டிவிஷன் கேம்களின் கிளவுட் உரிமைகளை, ஐரோப்பியப் பொருளாதார வட்டாரம் நீங்கலாக, பிரான்ஸின் கேம் நிறுவனமான யூபிசாஃப்டுக்கு விற்றது. அதன்பிறகே சி.எம்.ஏ பச்சைக்கொடி காட்டியது. உலகத்தில் எந்த அமைப்பாவது மைக்ரோசாஃப்டிடமிருந்து ஒரு சொத்தை உருவியது என்றால் அது சி.எம்.ஏ மட்டும்தான்.


தேநீர்வேளை

அந்தச் சொத்தை வைத்து இரண்டு வருஷத்தில் யூபிசாஃப்ட் என்ன செய்தது? கிளவுடில் கேம் ஆடும் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. இன்னும் முளைக்காத சந்தைக்காக இத்தனை பெரிய சண்டை.


வழக்குக்கட்டு

முளைக்காத சந்தை என்பதால்தான் காப்பாற்ற வேண்டும். வளர்ந்து ஒருவர் கைக்குப் போனபிறகு எந்தச் சட்டமும் அதைத் திரும்ப வாங்கித் தராது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.


கோடைமழை

கருப்புக்குதிரை சொன்ன ஜிம் ரயன் மின்னஞ்சலுக்கு வருகிறேன். அதுதான் என் வாதத்துக்கே சாட்சி. எஃப்.டி.சி-யின் முக்கியச் சாட்சி யார்? சோனி. சந்தையில் முதலிடத்தில் இருக்கும் நிறுவனம். தன் இடம் போய்விடும் என்று அது சொல்வதை, பொதுமக்களுக்கு வரும் கேடு என்று எஃப்.டி.சி எடுத்து வைத்தது. சந்தையை வரையறுத்தபோதும் அப்படித்தான். 'உயர்திறன் கன்சோல்கள்' என்று ஒரு வட்டம் போட்டு நின்டென்டோ ஸ்விட்சை வெளியே தள்ளினார்கள். கோர்லி அந்த வரையறையை வாதத்துக்காக ஏற்றுக்கொண்டார், ஆனாலும் தடை தரவில்லை.

அந்த விசாரணையில் வெளியான ஒரு காகிதம் எனக்கு மறக்கவே மறக்காது. சோனி கொடுத்த ஆவணத்தில் ரகசிய எண்களைக் கருப்பு மார்க்கரால் அடித்திருந்தார்கள். அதை ஸ்கேன் செய்து நீதிமன்றத் தளத்தில் ஏற்றியபோது மார்க்கர் மைக்கு அடியில் இருந்த எண்கள் தெரிந்துவிட்டன. தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்குச் சுமார் 220 மில்லியன் டாலர் செலவு. ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்டுக்கு 212 மில்லியன். கால் ஆஃப் டூட்டி தவிர வேறெதையும் ஆடாத பிளேஸ்டேஷன்காரர்கள் சுமார் பத்து லட்சம்.

எல்லோரும் அந்தப் பத்து லட்சத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பார்த்தது 220 மில்லியனை. ஒரு கேமுக்கு அவ்வளவு செலவு செய்ய உலகத்தில் எத்தனை நிறுவனங்களால் முடியும்? விரல்விட்டு எண்ணலாம். அப்படிப்பட்ட கேமில் வேலை செய்யப் பழகிய ஒரு அனிமேட்டர், ஒரு ஒலி வடிவமைப்பாளர், வேலை போனால் கதவு தட்ட எத்தனை வீடு இருக்கிறது? அதில் ஒரு வீட்டை இன்னொரு வீடு வாங்குகிறது. இதுவும் போட்டிக் குறைவுதானே?


பனிக்காற்று

நான் டொரொன்டோவில் இருக்கிறேன். கேம் டெஸ்டிங்கில் பல வருஷ அனுபவம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

கோடைமழை சொல்வதை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் வேலையை வெளியே இருப்பவர்கள் 'நாள் முழுக்கக் கேம் ஆடுவது' என்று நினைக்கிறார்கள். கேம் சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோலரின் பேட்டரியை உருவ வேண்டும், என்ன ஆகிறது என்று எழுத வேண்டும். டவுன்லோடு பாதியில் நெட் கேபிளைப் பிடுங்க வேண்டும். மெனுவை ஜெர்மனுக்கு மாற்றி, நீளமான சொற்கள் பட்டனைத் தாண்டி வழிகிறதா என்று ஒவ்வொரு திரையாகப் பார்க்க வேண்டும். கேமின் அடுத்த பில்டு (திருத்திய பதிப்பு) வந்ததும் முதலிலிருந்து. பெரும்பாலும் ஒப்பந்த வேலை. புராஜெக்ட் முடிந்தால் அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டியதுதான்.

2021 டிசம்பரில் ஆக்டிவிஷனின் ரேவன் ஸ்டுடியோவில் டெஸ்டர்கள் சிலரை வெளியே அனுப்பப்போவதாகச் சொன்னதும் மற்றவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022 மே மாதம் 19-க்கு 3 என்ற ஓட்டில் சங்கம் அமைந்தது. எங்கள் எல்லோருக்கும் அது பெரிய தைரியம். அடுத்த மாதமே, சங்கம் அமைப்பதில் நிர்வாகம் தலையிடாது என்று சி.டபிள்யூ.ஏ தொழிற்சங்கத்துடன் மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தம் போட்டது. அதோடு சி.டபிள்யூ.ஏ இணைப்புக்கு ஆதரவாக மாறியது. தொழிலாளர் பக்கம் பேச வேண்டியவர்களே இணைப்பு வேண்டும் என்று சொன்னபிறகு எஃப்.டி.சி அந்த வாதத்தை எங்கே எடுப்பது?

சி.டபிள்யூ.ஏ-வைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2024 மார்ச்சில் ஆக்டிவிஷனில் சுமார் 600 டெஸ்டர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். அந்த ஒப்பந்தம் இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் அதற்கு ஒன்றரை மாதம் முன்பு, ஜனவரி 25 அன்று, மைக்ரோசாஃப்ட் கேமிங் பிரிவில் 1,900 பேரை அனுப்பினார்கள். விற்பனை முடிந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பரில் இன்னும் 650. 2025 ஜூலையில் பர்ஃபெக்ட் டார்க் கேமை நிறுத்தி, அதைச் செய்த ஸ்டுடியோவையே மூடினார்கள்.


கருப்புக்குதிரை

பனிக்காற்று, உங்கள் வேலையைப் பற்றி எழுதியதற்கு நன்றி. ஆனால் வேலை நீக்கத்துக்கு இணைப்புதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? 2024 பிப்ரவரியில் சோனி 900 பேரை அனுப்பியது, லண்டன் ஸ்டுடியோவை மூடியது. அவர்கள் எந்த ஆக்டிவிஷனையும் வாங்கவில்லை. அதே மாதம் இன்னொரு பெரிய கேம் நிறுவனமான ஈ.ஏ சுமார் ஐந்து சதவீதம் ஆட்களைக் குறைத்தது. கொரோனா காலத்தில் அளவுக்கு மீறி ஆள் எடுத்தார்கள், பிறகு குறைத்தார்கள். துறை முழுக்க அடித்த காற்று அது.


கோடைமழை

துறை முழுக்க அடித்தது உண்மை. அதை மறுக்கவில்லை. ஆனால் 1,900 பேர் விஷயத்தில் எஃப்.டி.சி-யே 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதியது. ஆக்டிவிஷன் தனியாகவே இயங்கும், தேவைப்பட்டால் பிறகு பிரித்துவிடலாம் என்று நீதிமன்றத்தில் சொன்ன மைக்ரோசாஃப்ட், இப்போது இரண்டு பக்கமும் இருக்கும் ஒரே மாதிரி வேலைகளை நீக்குகிறோம் என்கிறதே என்று கேட்டது. ஆக்டிவிஷன் தனியாக இருந்திருந்தாலும் ஆட்குறைப்பு நடந்திருக்கும் என்பது மைக்ரோசாஃப்டின் பதில். சிலருக்கு அது பொருந்தலாம். 'ஒரே மாதிரி வேலை' என்று நீக்கப்பட்டவருக்குப் பொருந்தாது. இரண்டு நிறுவனம் ஒன்றானதால்தான் அவருடைய நாற்காலி இரண்டாவது நாற்காலி ஆனது.

விலைக்கும் இதேதான் நடந்தது. கால் ஆஃப் டூட்டி வெளியான அன்றே கேம் பாஸில் வரும், இணைப்பைக் காரணமாக்கி விலை ஏறாது என்பது நீதிமன்றத்தில் வைத்த வாதம். 2024 ஜூலையில் அல்டிமேட் 16.99-இலிருந்து 19.99 ஆனது, வெளியாகும் அன்றே புதுக் கேம் கிடைக்காத ஒரு மலிவுத் திட்டமும் அறிவிக்கப்பட்டது. எஃப்.டி.சி மறுபடி ஒரு கடிதம் எழுதியது. 2025 அக்டோபரில் 29.99 ஆனது. எஃப்.டி.சி தலைவராக இருந்த லீனா கான், இந்த இணைப்புக்குப் பிறகு விலையும் ஏறியது, வேலையும் போனது என்று 2025 அக்டோபரில் வெளிப்படையாகச் சொன்னார். அவர் சொன்னது சரி. அந்தக் கவலை 2022 டிசம்பர் மனுவில் நடுநாயகமாக இருந்திருக்க வேண்டும்.


தேநீர்வேளை

ஸெனிமேக்ஸ் என்ற கேம் குழுமத்தை எல்லோரும் மறந்துவிட்டோம். 2021-இல் 7.5 பில்லியனுக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2024 மே மாதம் அதில் இருந்த ஆர்க்கேன் ஆஸ்டின், டோக்கியோவின் டாங்கோ கேம்வொர்க்ஸ் போன்ற ஸ்டுடியோக்களை மூடுவதாக அறிவித்தார்கள். ஹை-ஃபை ரஷ் கேமைச் செய்தது டாங்கோதான்! அது வெளிவந்த ஆண்டு நான் ஆடியதிலேயே எனக்குப் பிடித்த கேம். தாளத்துக்கு அடி விழும் சண்டை, ஒவ்வொரு காட்சியிலும் செய்தவர்களின் சந்தோஷம் தெரியும். நல்ல பெயர் வாங்கியும் பிழைக்கவில்லை என்றால் வேறென்ன செய்ய வேண்டும்? பிறகு தென்கொரியாவின் கிராஃப்டான் வந்து அந்த ஸ்டுடியோவைக் கைதூக்கியது. நம்மூரில் பி.ஜி.எம்.ஐ மொபைல் கேமை நடத்துகிறார்களே, அவர்கள்தான்.


புதுவரவு

வழக்குக்கட்டு சார், தொழிலாளர்களுக்கு வரும் கேடு என்று ஒரு வாதத்தை அமெரிக்க நீதிமன்றம் ஏற்குமா? இல்லை கோடைமழை அண்ணா ஆசைப்படுவது மட்டும்தானா?


வழக்குக்கட்டு

ஆசை இல்லை தம்பி, முன்னுதாரணம் இருக்கிறது. பெங்குவின் ரேண்டம் ஹவுஸ் என்ற பதிப்பகம் 2.175 பில்லியன் டாலருக்கு சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்தை வாங்க முயன்றது. அமெரிக்க நீதித்துறை எதிர்த்தது. புத்தக விலை ஏறும் என்பது அந்த வழக்கில் முக்கிய வாதமே இல்லை. எழுத்தாளர்களுக்குக் கிடைக்கும் முன்பணம் குறையும் என்பதுதான் வாதம். அதிலும் எல்லா எழுத்தாளரையும் சேர்க்கவில்லை. இரண்டரை லட்சம் டாலரும் அதற்கு மேலும் முன்பணம் வாங்குகிற புத்தகங்களை மட்டும் தனிச் சந்தையாக வரைந்தார்கள். அந்த அளவுக்கு ஏலம் கேட்கப் பெரிய பதிப்பகங்கள் ஐந்துதான். ஐந்து நாலானால் என்ன ஆகும் என்று ஏல விவரங்களை வைத்து, எழுத்தாளர்களையும் முகவர்களையும் கூண்டில் ஏற்றிக் காட்டினார்கள். நீதிபதி ஃபுளோரன்ஸ் பேன் 2022 அக்டோபர் 31 அன்று இணைப்பைத் தடுத்தார்.

தேதியைக் கவனியுங்கள். எஃப்.டி.சி ஆக்டிவிஷன் வழக்கைப் போட்டது அதற்கு ஐந்து வாரம் கழித்து. கையில் சூடான தீர்ப்பு இருந்தது. கோடைமழை கேட்பது அதே கேள்விதான்: எழுத்தாளருக்குக் கேட்டதை கேம் செய்பவருக்கு ஏன் கேட்கவில்லை?

2023 டிசம்பரில் எஃப்.டி.சி-யும் நீதித்துறையும் வெளியிட்ட புதிய இணைப்பு வழிகாட்டு நெறிகளில் தொழிலாளர் சந்தைக்குத் தனிப் பகுதியே வந்தது. ஆனால் ஆக்டிவிஷன் விற்பனை முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.


கருப்புக்குதிரை

சரி, இந்த உதாரணம் எனக்குத் தெரியாது, வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்தாளருக்கு ஐந்து பதிப்பகம்தான் என்று காட்டிவிடலாம். ஒரு புரோகிராமர் கேம் கம்பெனியை விட்டு வங்கிக்கோ மருத்துவமனைக்கோ வேலைக்குப் போகலாமே? எதிர்த்தரப்பு அதைத்தான் சொல்லும்.


பனிக்காற்று

புரோகிராமர் போகலாம். லெவல் டிசைனர் எந்த வங்கிக்குப் போவார்? சண்டைக் காட்சி அனிமேட்டர்? கேம் கதை எழுதுபவர்? சர்டிஃபிகேஷன் டெஸ்டிங்கில் (கன்சோல் நிறுவனத்தின் விதிகளுக்குக் கேம் பொருந்துகிறதா என்ற சோதனையில்) பழகிய நான் வேறு துறைக்குப் போனால் அடிமட்டச் சம்பளத்திலிருந்து தொடங்க வேண்டும். ரேவன் ஸ்டுடியோ இருப்பது விஸ்கான்சினில். அங்கே வேலை போனால் பிள்ளைகளின் பள்ளியை விட்டு வேறு மாநிலத்துக்கே போக வேண்டிவரும்.


வழக்குக்கட்டு

அருமை. சந்தையை வரைய வேண்டிய முறையே அதுதான்: இந்த வேலை, இந்த ஊர், இத்தனை முதலாளிகள்.

இதை இப்போதே பேச ஒரு காரணம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 29 அன்று ஈ.ஏ-வை 55 பில்லியன் டாலருக்கு சவூதியின் பொது முதலீட்டு நிதியம், சில்வர் லேக், அஃபினிட்டி பார்ட்னர்ஸ் ஆகிய மூன்று முதலீட்டாளர்களும் சேர்ந்து வாங்குவதாக அறிவித்தார்கள். அதில் 20 பில்லியன் கடன். இங்கே எந்த கன்சோலும் கைமாறவில்லை, பெரிய போட்டியாளர் யாரும் சேரவில்லை. சோனி வந்து முறையிடப் போவதில்லை. பழைய கேள்வியை மட்டும் கேட்டால் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் அந்தக் கடனுக்கு வட்டி எங்கிருந்து வரும்?


கோடைமழை

ஸ்டுடியோக்களிலிருந்துதான் வரும். அந்த சவூதி நிதியம் ஏற்கெனவே வேறு எந்தெந்த கேம் நிறுவனங்களைக் கையில் வைத்திருக்கிறது, அவையும் ஈ.ஏ-வும் ஒரே ஊரில் ஒரே மாதிரி ஆட்களை எடுக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்தத் தரவு நம்மிடம் இல்லையே, யாரிடம் இருக்கும்?


வழக்குக்கட்டு

நிறுவனங்களிடம் இருக்கும். பெரிய விற்பனையில் எஃப்.டி.சி-யோ நீதித்துறையோ இரண்டாம் சுற்றுத் தகவல் கோரிக்கை அனுப்பலாம். அனுப்பினால், கேட்டதைக் கொடுக்கும்வரை விற்பனையை முடிக்க முடியாது. வழக்கமாகக் கேட்பது விற்பனைக் கணக்கு, உள் மின்னஞ்சல், விலைத் திட்டம். அதோடு ஊர்வாரியாக ஒவ்வொரு பணிக்கும் எத்தனை பேர், என்ன சம்பளம், விலகியவர்கள் அடுத்து எந்த நிறுவனத்தில் சேர்ந்தார்கள் என்பதையும் கேட்கலாம், சட்டம் தடுக்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் நேரடியாகவும் ஆணையத்துக்கு எழுதலாம். பனிக்காற்று, கனடாவில் உங்களுக்குத் தனிப் போட்டி ஆணையம் இருக்கிறது. ஈ.ஏ-வுக்கு வான்கூவரில் பெரிய ஸ்டுடியோ உண்டு.


பனிக்காற்று

உண்டு. அங்கே வேலை பார்த்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். இந்த வாரம் அவர்களிடம் பேசிவிட்டு, என்னென்ன பணிக்கு அந்த ஊரில் எத்தனை முதலாளிகள் என்று ஒரு பட்டியல் போடுகிறேன். சார், எந்த வடிவத்தில் எழுதினால் ஆணையம் படிக்கும் என்று தனிமடலில் சொல்லுங்கள்.